வீட்டுக்குள் ஜூலியைப் படம் எடுக்க: கேனான் இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸ்

இந்த லென்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பின்னணி அழகாக மங்குவதைத்தான் சொல்வார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். எங்கள் வீட்டு நாய் ஜூலி படுத்திருக்கும் இடத்திலேயே, அவளை எழுப்பாமல், ஃபிளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் வைத்து அவள் முகத்தைத் தெளிவாக எடுக்க வேண்டும். அதற்காகத்தான் வாங்கினேன். அந்த வேலையை இது மனசு நிறையும்படி செய்கிறது.

ஜூலிக்கு உடம்பு முழுக்கக் கறுப்பு. மார்பில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. வயசாகிவிட்டது, வாயைச் சுற்றியும் புருவத்திலும் நரை ஏறிவிட்டது, வெளியே ஓடியாடுவதும் குறைந்துவிட்டது. பகலில் பாதி நேரம் ஹால் ஜன்னலுக்குக் கீழேதான் கிடக்கிறாள். கறுப்பு நாயை வீட்டுக்குள் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். படத்தில் கரிய உருவம் ஒன்று இருக்கும், அதில் கண் எங்கே, மூக்கு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். எனக்கு அந்த நரை தெரிய வேண்டும், கண்ணின் பழுப்பு தெரிய வேண்டும், காது மடலின் ஓரத்தில் முடி மெலிந்திருப்பதுகூடத் தெரிய வேண்டும்.

லென்ஸைப் பற்றிச் சுருக்கமாக. 2015-இல் வந்தது. எடை 160 கிராம், நீளம் 4 செ.மீ.கூட இல்லை, ஃபில்டர் அளவு 49 மி.மீ. இதன் முன்னோர் இரண்டு: 1987-இல் வந்த முதல் மாடல், 1990-இல் வந்த இரண்டாவது மாடல். அந்த இரண்டாவதில் கேமராவோடு பொருந்தும் வளையம் பிளாஸ்டிக், அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) இதழ்கள் ஐந்து. இதில் வளையம் மறுபடி உலோகமாகிவிட்டது, இதழ்கள் ஏழு. நாய் வளர்ப்பவர்களுக்கு அதைவிட முக்கியமானது ஃபோகஸ் மோட்டார். எஸ்டிஎம் என்பது ஸ்டெப்பிங் மோட்டார். பழைய மாடலின் மோட்டாரைவிடச் சத்தம் நன்றாகக் குறைவு. அறவே சத்தமில்லை என்று சொல்ல மாட்டேன், அமைதியான அறையில் மெல்லிய முனகல் கேட்கும். ஜூலி அதற்கு ஒரு காதை மட்டும் திருப்புவாள், தலையைத் தூக்க மாட்டாள். அது போதும் எனக்கு.

அளவு சிறியதாக இருப்பதும் ஒரு நன்மை. பல நாய்களுக்குப் பெரிய கண்ணாடி வட்டம் தங்களையே உற்றுப் பார்ப்பது பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும். இதெல்லாம் ‘எனக்குச் சரிப்படவில்லை’ என்று நாய் சொல்லும் வழிகள். அப்போது கேமராவை இறக்கிவிட வேண்டும். நல்ல படத்துக்காக அதைக் கஷ்டப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி வெளிச்சக் கணக்கு. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸில் 50 மி.மீ. பக்கம் போனால் அப்பர்ச்சர் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. இது எஃப்/1.8 வரை திறக்கும்; எஃப் எண் சிறுத்தால் துளை பெரிது. இரண்டுக்கும் நடுவே மூன்று ஸ்டாப்புக்குச் சற்று அதிகம்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு. அதாவது சென்சாருக்குப் போகும் வெளிச்சம் ஏறக்குறைய 10 மடங்கு. அதே ஷட்டர் வேகத்துக்குக் கிட் லென்ஸ் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா பெருக்கும் அளவு) 6400 கேட்கிற மூலையில், இது 640-ஐ ஒட்டி முடித்துவிடும். வெள்ளை நாயாக இருந்தால் 6400-இலும் ஒப்பேற்றிவிடலாம். கறுப்பு முடியில் அது நடக்காது. இருட்டான பகுதியில்தான் நாய்ஸ் (noise) எனப்படும் புள்ளி இரைச்சல் முதலில் தலைகாட்டும், கறுப்பு நாய் என்பது முழுக்க இருட்டான பகுதி. எடிட்டிங்கில் அதைக் கொஞ்சம் தூக்கினாலும் முடி இருந்த இடத்தில் சிவப்பும் பச்சையுமாகப் பொரிப் பொரியாக வரும்.

கிடைத்த வெளிச்சத்தை நான் முதலில் ஷட்டர் வேகத்துக்குத்தான் செலவழிப்பேன். நாய் சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் நமக்குத் தெரியும். மூச்சு வாங்கும், காது துடிக்கும், ஒரு சத்தத்துக்குத் தலை சாயும். உட்கார்ந்த நாய்க்கு 1/250 நொடி, விளையாடும் நாய்க்கு 1/500-க்குக் குறையக் கூடாது என்பது என் கணக்கு. தூங்கும்போது 1/60 போதும். இந்த லென்ஸில் ஆட்டத்தைச் சமன் செய்யும் வசதி இல்லை. இருந்திருந்தாலும் அது நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், நாயின் தலையாட்டலை ஒன்றும் செய்யாது. அதனால் எனக்கு இது குறையாகப் படவில்லை.

இந்த லென்ஸ் வாங்குகிறவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எஃப்/1.8 இருக்கிறது என்பதற்காக எப்போதும் எஃப்/1.8-இல் எடுக்க முடியாது. என்னுடையது ஏபிஎஸ்-சி கேமரா, அதாவது முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ளது. அதில் ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்/1.8 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே இரண்டரை, மூன்று செ.மீ.தான். ஜூலிக்கு மூக்கு நுனியிலிருந்து கண் வரை ஏறக்குறைய அரைச் சாண் இருக்கும். அவள் நேராகப் பார்க்கும்போது கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு மங்கலாகிவிடும், மூக்கில் வைத்தால் கண் போய்விடும். தட்டை முக நாய்க்கு இந்தப் பிரச்சினை பாதியாகக் குறையும். நீள மூக்குக்கு வழி இரண்டு. ஒன்று, அப்பர்ச்சரை எஃப்/2.8 அல்லது எஃப்/4-க்குக் கொண்டுபோவது. எஃப்/4-இல் அதே தூரத்தில் ஆறு செ.மீ. கிடைக்கும். இன்னொன்று, கொஞ்சம் பின்னால் போவது. ஒன்றரை மீட்டரில் எஃப்/2.8 வைத்தால் ஏறக்குறைய 10 செ.மீ. ஆழம் வரும். என் படங்களில் அதிகம் இருப்பது இந்த எஃப்/2.8தான். முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்போது கண்ணும் மூக்கும் ஒரே தளத்துக்கு வந்துவிடும். அப்போது தயங்காமல் 1.8-க்குத் திறக்கலாம். ஜன்னலைப் பார்த்தபடி அவள் படுத்திருக்கும் பக்கவாட்டுப் படங்களில் முன்புற விளிம்பு மட்டும் ஒளிக்கோடாகத் தெரியும். மீசை ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம்.

ஃபோகஸ் கண்ணில் விழுவதற்குக் கேமராவின் துணை வேண்டும். விலங்கின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி 2019-இல் சோனி கேமராக்களில் வந்தது. 2020-இல் வந்த கேனான் ஆர்5, ஆர்6 கேமராக்கள் நாய், பூனை, பறவையை அடையாளம் காணும். அந்த வரிசைக் கேமராக்களிலும் இந்த லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டலாம். என்னிடம் இருப்பதைப் போன்ற பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணின் மேல் வைப்பதுதான் வழி. கறுப்பு முகத்தில் ஃபோகஸ் பிடிக்க மாறுபாடு கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். கண்ணில் விழும் ஜன்னல் ஒளியின் விளிம்பில் வைத்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 35 செ.மீ. இது சென்சாரிலிருந்து அளப்பது. நாய் மோப்பம் பிடிக்க வந்து லென்ஸில் மூக்கை ஒட்டினால் படம் கிடையாது, ஈர மூக்கின் தடம்தான் மிச்சம். இஎஸ்-68 என்ற ஹுட் (லென்ஸின் முன்னால் மாட்டும் காப்பு வளையம்) தனியாக வாங்க வேண்டும். நாய் வளர்ப்பவர்கள் முதல் நாளே வாங்கிவிடுவது நல்லது. ஃபோகஸ் செய்யும்போது லென்ஸின் முன்குழல் சற்று வெளியே வரும், அதில் அடி படாமலும் ஹுட் காக்கும்.

50 மி.மீ. என்ற நீளம் எல்லா வீட்டுக்கும் தோதாக வராது. கேனானின் ஏபிஎஸ்-சி கேமராவில் இது முழு ஃபிரேமில் 80 மி.மீ. லென்ஸ் போலப் பார்க்கும். முகத்துக்கு அருமை. உடம்பு முழுக்கத் தெரிய வேண்டுமென்றால், நடுத்தர உயர நாய்க்கே இரண்டரை, மூன்று மீட்டர் பின்னால் போக வேண்டும். குறுகலான அறையில் அதற்குள் முதுகு சுவரில் இடித்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் இன்னும் பொருத்தம். வெளிச்சம் பாதிக்கும் குறைவாகத்தான் உள்ளே வரும் என்பதை நினைவில் வையுங்கள். அதோடு அகலக் கோணத்தில் நெருங்கிப் போனால் மூக்கு உருண்டு பெரிதாகி, கண் சின்னதாகிவிடும். சிலருக்கு அந்தக் குறும்புத் தோற்றம் பிடிக்கும். வயசான நாயின் கம்பீரம் அதில் போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஜன்னல்தான் எஜமான். நேர் வெயில் விழும் ஜன்னல் வேண்டாம். வானம் மட்டும் தெரிகிற ஜன்னல், அல்லது வெயில் விழும் ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் திரை. ஜன்னலுக்கு முதுகு காட்டி நான் நிற்பதில்லை; அப்படி நின்றால் வெளிச்சம் நேராக நாயின் மேல் விழுந்து கறுப்பு முடி தட்டையாகிவிடும். பக்கவாட்டில் விழும் ஒளிதான் கறுப்பு முடிக்கு வடிவம் கொடுக்கும். முடி பளபளப்பானது, சாய்ந்து விழும் ஒளியைப் பிரதிபலிக்கும்போதுதான் ஒவ்வொரு இழையும் பிரிந்து தெரியும். நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டையோ தலையணை உறையையோ விரித்தால் போதும், அந்தப் பக்கக் கன்னமும் மெல்லத் தெளியும். நாய் ஜன்னலுக்கு எவ்வளவு பக்கம் என்பதும் முக்கியம். அரை மீட்டர் உள்ளே தள்ளிப் படுத்தாலே வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் கணிசமாக இறங்கிவிடும். நம் கண் பழகிக்கொள்ளும், கேமரா பழகிக்கொள்ளாது. நாமும் தரையில் படுத்துவிட வேண்டும். நின்றபடி எடுத்தால் தலையும் முதுகும்தான். அவள் கண் உயரத்துக்கு லென்ஸ் இறங்கினால் ஜன்னலே சின்னச் சதுரமாக அந்தக் கண்ணில் மின்னும்.

பகலில் எடுக்கும்போது அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தின் நிறம் 5500 கெல்வினிலிருந்து 7000 வரை இருக்கும் (எண் கூடக் கூட நீலம்), மஞ்சள் பல்பு 2700, 3000. இரண்டும் சேர்ந்தால் நாயின் ஒரு பக்கம் நீலம், இன்னொரு பக்கம் ஆரஞ்சு. எந்த எடிட்டிங்கிலும் இதைச் சுலபமாகச் சரிசெய்ய முடியாது. இரவில் எல்இடி வெளிச்சத்தில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் இன்னொரு தொல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும், 60 ஹெர்ட்ஸில் 120 முறை. 1/500 வைத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கியும், சில சமயம் படத்தின் குறுக்கே பட்டையாகவும் வரும். 50 ஹெர்ட்ஸுக்கு 1/100, 60-க்கு 1/60 அல்லது 1/120-ஐ ஒட்டிய வேகம் வைத்தால் அடங்கும்.

ஃபிளாஷ் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது, டாபீட்டம் லூசிடம் என்பார்கள். மங்கிய வெளிச்சத்தில் அதற்கு நன்றாகக் கண் தெரிவதற்கு இயற்கை கொடுத்த ஏற்பாடு. கேமராவின் ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அந்த ஒளி நேராக நமக்கே திரும்பி வந்து, கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியும். மனிதர்களுக்கான ரெட்-ஐ கருவி சிவப்பைத் தேடுவதால் இதைத் தொடாது. லைட்ரூம் கிளாசிக் என்ற படத் திருத்த மென்பொருளில் செல்லப்பிராணிக் கண்ணுக்கென்றே ‘பெட் ஐ’ என்று ஒன்று உண்டு. பழைய படங்களைக் காப்பாற்ற அது உதவும். புதிதாக எடுக்கும்போது அந்த நிலைமையே வரவிடாமல் செய்வதுதான் இந்த லென்ஸின் பெருமை.

எக்ஸ்போஷர் விஷயத்தில் கறுப்பு நாய்க்குத் தனி நியாயம். கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் ஆக்கப் பார்க்கும். ஜூலி ஃபிரேமை நிறைத்துக்கொண்டு படுத்திருந்தால் அவளையும் சாம்பலாக்கிவிடும். ஜேபெக்கில் எடுப்பவர்கள் எக்ஸ்போஷரை 2/3 ஸ்டாப் குறைக்க வேண்டும். வெள்ளை நாய்க்கு அதே அளவு கூட்ட வேண்டும். ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவில்) எடுக்கும் நான் குறைப்பதில்லை. மீட்டர் தருகிற கூடுதல் வெளிச்சம் முடியின் விவரத்தைப் பத்திரமாகச் சேர்த்துக் கொடுக்கும், பிறகு எடிட்டிங்கில் கறுப்பைக் கீழே இறக்கிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, மார்பின் வெள்ளைத் திட்டு வெளிறிவிடக் கூடாது. கேமரா திரையில் வெளிறிய இடம் மினுக்குமாறு வைத்திருக்கிறேன். திட்டு மினுக்கினால் உடனே குறைப்பேன்.

எடிட்டிங்கிலும் அந்தத் திட்டுதான் எனக்குத் துணை. லைட்ரூமில் ஒயிட் பேலன்ஸ் டிராப்பரை அதன் நிழலான ஓரத்தில் ஒரு தடவை தட்டினால் பெரும்பாலும் நிறம் சரியாகிவிடும். பளிச்சென்ற நடுவில் தட்டக் கூடாது. அங்கே தகவல் தீர்ந்திருந்தால் கணக்குத் தப்பும். அதற்குப் பிறகும் முதுகில் ஒரு நீலப் பூச்சு இருக்கும். ஜன்னல் வழியே தெரியும் வானத்தின் பிரதிபலிப்பு அது. அதைப் போக்க மொத்தப் படத்தையும் மஞ்சளுக்கு இழுத்தால் வெள்ளைத் திட்டு அழுக்காகிவிடும். நிறங்களைத் தனித்தனியாகச் சரிசெய்யும் இடத்தில் நீலத்தின் செறிவை மட்டும் குறைத்தால் போதும், முடி சுத்தமான கறுப்பாகிவிடும்.

பிறகு ஷேடோஸை (நிழல் பகுதியை) தூக்குவேன், பிளாக்ஸை (மிக இருண்ட பகுதியை) கீழே இறக்குவேன். ஒன்றைத் தூக்கி இன்னொன்றை இறக்குவது முரணாகத் தெரியலாம். முடியின் விவரம் மேலே வர வேண்டும், ஆனால் ஆழமான கறுப்பு எங்காவது இருந்தால்தான் கண் அதைக் கறுப்பு நாய் என்று நம்பும். ஒரு ஃபோன் ஆப்பின் ஆட்டோ பொத்தான் ஜூலியின் படத்தை ஒரே தட்டில் வெளிச்சமாக்கித் தந்தது. அம்மா பார்த்துவிட்டு, “இது யார் வீட்டு நாய்டி?” என்று கேட்டாள். கறுப்பு முழுவதும் புகைச் சாம்பலாகியிருந்தது. வாயோர நரைக்கும் முடிக்கும் வித்தியாசமே இல்லை.

கண்ணுக்கு மட்டும் தனி மாஸ்க், அதாவது அந்தப் பகுதியை மட்டும் திருத்தும் தேர்வு. எக்ஸ்போஷர் கால் ஸ்டாப், அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் பொம்மைக் கண் மாதிரி ஆகிவிடும். கிளாரிட்டியை முகத்தில் கூட்டுவதில்லை, அது நாயைக் கடுகடுப்பாக்கும். டெக்ஸ்சர் கொஞ்சம் கூட்டினால் முடி இழை மட்டும் எழுந்து வரும். நாயை மட்டும் தானாகத் தேர்ந்தெடுக்கும் மாஸ்க் லைட்ரூமில் 2021-இல் வந்தது, பின்னணிச் சுவரை ஒரு சாயல் இருட்டாக்க நான் பயன்படுத்துகிறேன். மாஸ்க் போட்டதும் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் காது ஓரத்தையும் மீசையையும் பாருங்கள். தானியங்கி மாஸ்க் எதுவாக இருந்தாலும் சறுக்கும் இடங்கள் அவை. மீசை ஜன்னலுக்கு எதிரே இருந்து எஃப்/1.8-இல் எடுத்திருந்தால் ஓரத்தில் ஊதாவோ பச்சையோ மெல்லிய கோடு இருக்கும். இப்படி அகலமாகத் திறக்கும் லென்ஸ்களில் சாதாரணமாக வருவதுதான். டிஃப்ரிஞ்ச் என்ற இடத்தில் ஒரு தட்டில் போய்விடும்.

ஃபோனிலேயே எடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தூங்கும் நாய்க்குப் போதும். நைட் மோடு பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவதால் அசையாத உருவத்தில் அற்புதமாக வரும், அசையும் நாயில் காது இரண்டாகும். போர்ட்ரெயிட் மோடு மங்கலைக் கணக்குப் போட்டு உண்டாக்குவதால் மீசையும் காது முடியும் வெட்டுப்படும். இந்த லென்ஸ் உண்டாக்கும் மங்கல் கண்ணாடியிலிருந்தே வருவதால் மூக்கிலிருந்து கண்ணுக்கு, கண்ணிலிருந்து காதுக்குப் படிப்படியாகக் கரைந்து போகும். வீட்டில் ஏற்கனவே கேனான் டிஎஸ்எல்ஆர் தூங்கிக்கொண்டிருந்தால், அதிலும் உங்கள் நாய் கறுப்பு என்றால், அடுத்து வாங்க வேண்டியது இதுதான்.

பிரிண்ட் போடுவதாக இருந்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள். திரை உள்ளிருந்து ஒளிர்வது, காகிதம் அப்படியில்லை. திரையில் சரியாக இருக்கும் கறுப்பு நாய் காகிதத்தில் இன்னும் இருட்டும். திரையின் பிரகாசத்தைப் பாதிக்குக் குறைத்து வைத்துக்கொண்டு எடிட் செய்து, பிரிண்டுக்கென்று ஷேடோஸை இன்னொரு சாயல் தூக்கித் தனிப் பிரதி வைப்பேன். மேட் காகிதத்தில் ஆழமான கறுப்பு சற்று வெளுத்துத் தெரியும், பளபளப்பான காகிதத்தில் அது நிற்கும். ஆனால் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினால் பளபளப்புக் காகிதத்தில் ஜன்னல்தான் தெரியும், நாய் தெரியாது. எங்கே மாட்டப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டுக் காகிதத்தைச் சொல்லுங்கள்.